அசூல் என்ற ஆள்

அன்று பழைய ரயில் பாலத்தடியில் நின்றவர்கள் இவர்கள்.

ரெனாட்டே. எங்கள் கண்காணிப்புக் குழுவின் பொறுப்பாளர். ரயில் சிக்னல் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

டிர்க். லொறி ஓட்டுபவர். அன்று அவருக்கு லீவு.

நான்.

எதிர்ப்பக்கத்தில் ஊவே. கூரை வேலை செய்பவர். எல்லை ரோந்துக்குத் தலைவர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவர்.

மாண்டி. ரோந்தில் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பவர்.

ரோந்துச் சட்டை போட்ட இன்னும் இரண்டு ஆண்கள். பெயர் தெரியாது. ஒருவர் கையில் நாய்.

சுதன். ஆற்றைக் கடந்து வந்தவர்.

பிறகு வந்த பொலிஸ்காரர் இருவர். வயதான ஆண் ஒருவர், இளம் பெண் ஒருவர்.

வேறு ஒருவரும் அங்கே நிற்கவில்லை. இதைப் பொலிசில் சொன்னேன், சட்டத்தரணியிடம் சொன்னேன், நீதிமன்றத்திலும் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டுசல்டோர்ஃப் தமிழ்ப் பாடசாலை மலருக்கு, வேலை செய்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதவேண்டும் என்று கேட்டார்கள். நான் அந்த நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டில் முதுகு போகும் வரை அண்டா கழுவினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. அண்டா அழுக்காக வரும், கழுவி அனுப்பினால் அடுத்த நாளும் அழுக்காக வரும். அதனால் அதற்குப் பிறகு செய்த வேலையை எழுதுகிறேன். சம்பளம் இல்லாத வேலை. எனக்கு அதுதான் வேலை மாதிரி இருந்தது.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குழுவின் விதிகள் ஒரு தாளில் இருக்கின்றன. கடைசி விதி இது: வேறு மொழியில் ஏதும் சொன்னால், அதையே உடனே ஜெர்மன் மொழியில் உரத்துச் சொல்லவும். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இது யாருக்காகப் போட்ட விதி என்று கேட்கிறார்கள். எனக்காகப் போட்டது.

மகளுக்கு நைஸ ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்தில் தாதி வேலை கிடைத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் போலந்து. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்களையும் கூப்பிட்டாள். போனோம். அங்கே தமிழர் என்றால் எங்கள் வீடு மட்டும்தான்.

ஒரு நாள் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பையில் லீக்ஸ் கட்டு. செம்மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் மறித்தார்கள். சட்டையின் முதுகில் 'ரோந்து' என்று எழுதியிருந்தது. அடையாள அட்டை கேட்டார்கள். இறங்கி, எடுத்துக் காட்டினேன். அப்போது பின்னால் ஜெர்மனில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"நீங்கள் இவையளுக்கு ஒண்டும் காட்டத் தேவையில்லை. இவையள் பொலிஸ் இல்லை."

திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டை, நரைத்த குட்டைத் தலைமுடி, கைகள் முதுகுக்குப் பின்னால். அதுதான் ரெனாட்டே.

"தெரியும். காட்டிப் பழகிப்போச்சு" என்றேன்.

"எங்க பழகினீங்கள்?"

"ஊரில. சென்றியில."

சென்றி என்றால் என்ன என்று கேட்டார். ஆமி ஆட்களை மறித்துச் சோதிக்கும் இடம் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் ஒரு பயிற்சி இருக்கிறது, வரச் சொன்னார். போனேன்.

வீட்டில் மனிசி சிரித்தாள். "அங்கை ஆமிச் சென்றிக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து நீங்களே சென்றி நிக்கப் போறியள்."

"நான் சென்றி நிக்கேல்லை. சென்றி நிக்கிறவையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"ஓமோம். தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ. குளிர்."

பயிற்சி ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது. வேலையைப் படித்தது நின்று பார்த்துத்தான்.

ரோந்து வரும் இடத்துக்கு நாங்களும் போவோம். பத்தடி தள்ளி நிற்போம். அவர்களுக்கும் மறிக்கப்பட்டவருக்கும் நடுவில் போகக்கூடாது. ஆளைத் தொடக்கூடாது. வந்தவரைக் காரில் ஏற்றக்கூடாது, ஏற்றினால் ஆள் கடத்தியதாக வழக்கு வரும். பேச்சைப் பதிவு செய்யக்கூடாது, அதுவும் இங்கே குற்றம். மாண்டி செய்வார். நாங்கள் செய்வதில்லை. ரோந்துக்காரர் யாரையாவது மறித்தால் மூன்று வசனம் சொல்வோம். உரத்து, மெதுவாக, முதலில் ஜெர்மனில், பிறகு ஆங்கிலத்தில். இவர்கள் பொலிஸ் இல்லை. உங்கள் பத்திரங்களை இவர்களுக்குக் காட்டத் தேவையில்லை. நாங்கள் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான். பிறகு நடந்ததை எழுதுவோம்.

எழுதுவதில்தான் ரெனாட்டேயின் குணம் தெரியும். முதல் நாள் நான் எழுதிக் கொடுத்ததை அவர் காரின் முன் மூடியில் வைத்துப் படித்தார்.

"'மிரட்டினார்' எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"ஓம். மிரட்டினவர்."

"என்ன கண்டனீங்கள்?"

"கோவமாக நிண்டவர்."

"கோவத்தைக் கண்ணாலை காண ஏலாது. என்ன கண்டனீங்கள்?"

யோசித்தேன். "டோர்ச்சை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சவர்."

"எவ்வளவு கிட்ட?"

"ஒரு சாண்."

"சாண் எண்டால்?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் அடிமட்டம் எடுத்து என் கையை அளந்தார். பிறகு எழுதினார். சிரிக்கவில்லை.

சிக்னல் அறையில் பழகிய பழக்கம் அது. அங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், ஒரு சொல் மாறினால் இரண்டு ரயில் ஒரே தண்டவாளத்துக்கு வந்துவிடுமாம். எதையும் அவர் ஒருமுறைதான் சொல்வார். எல்லோரையும் 'நீங்கள்' என்பார், ஊவேயையும்தான். வேலை தொடங்க முன்னர் ஆளுக்கொரு அவித்த முட்டை தருவார். சாப்பிடாதவரை நிற்கவிடமாட்டார். பசித்தவன் கண் பிழையாகப் பார்க்கும் என்பார்.

ஊவேயைப் பற்றியும் சொல்லவேண்டும். மகள் வீட்டுக் கூரையைத் திருத்தியவர் அவர்தான். நல்ல வேலை. இன்று வரை ஒழுகவில்லை. கூரையில் நிற்கும்போது ஒரு ஊவே, ஆற்றங்கரையில் நிற்கும்போது இன்னொரு ஊவே. என்னைச் 'சமையற்காரா' என்பார். நான் கழுவிய ஆள், சமைத்த ஆள் இல்லை என்று சொல்லியும் கேட்பதில்லை.

"சமையற்காரா, இண்டைக்கு உன்ரை ஆக்கள் வருவினமோ?"

"என்ரை ஆக்கள் வீட்டில. பேத்திக்குக் காய்ச்சல்."

"என்ன மருந்து குடுத்தனீ?"

சொன்னேன். அதோடு ஒரு தேநீரும் கொடுக்கச் சொன்னார், தன் தாய் கொடுப்பதாம். பிறகு இருவரும் அவரவர் பக்கத்தில் போய் நின்றோம். அப்படித்தான் பல நாட்கள் போயின. ஒன்றும் நடக்காது. குளிரில் நிற்போம், முட்டை சாப்பிடுவோம், வீட்டுக்குப் போவோம்.

இனி அந்த நாள்.

இலையுதிர்காலம். மதியம் திரும்பிய நேரம். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாலத்துக்குக் கீழே, கல் அணைக்கட்டு மேலாக ஒருவர் நடந்து வந்தார். முழங்கால் வரை நனைந்த காற்சட்டை. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டித் தொங்கியது. கரையில் ஏறினார். ஊவேயும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். "பாஸ்போட்" என்றார் ஊவே.

அவர் பையை அவிழ்த்துக் கடவுச்சீட்டை எடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். கந்தோரில் அதிகாரிக்குக் கொடுப்பது போல. ஊவே வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ரெனாட்டே மூன்று வசனத்தையும் சொன்னார். ஆற்றைக் கடந்து வந்தவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் நின்றார்.

"அண்ணை, தமிழோ?"

"ஓம்."

"நான் முல்லைத்தீவு. சுதன். இவையள் பொலிசோ?"

"இல்லைத் தம்பி. ஊர்ச் சனம். சட்டையைப் பாத்து ஏமாறாதை."

"ஐயோ, பாஸ்போட்டைக் குடுத்திட்டன் அண்ணை."

"பாத்தனான். இவையள் பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சிட்டினம். பொலிஸ் வரும். வந்த உடன அசூல் அடி. கேக்குதோ? வேற கதை கதைக்காதை. பொலிஸ் வந்த உடன அசூல் அடி தம்பி."

இந்த மலரைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அகதித் தஞ்சத்துக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல் எங்கள் வாயில் 'அசூல்' ஆனது. தஞ்சம் கேட்டுப் பதிவதை 'அசூல் அடிக்கிறது' என்போம். நான் வந்த காலத்தில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வியே "அசூல் அடிச்சிட்டீரோ" என்பதுதான். யார் முதலில் அப்படிச் சொன்னார் என்று தெரியாது. யாரும் யோசித்ததும் இல்லை.

சுதனுக்கு விளங்கியது. தலையாட்டினார். பிறகு கடவுச்சீட்டை எடுக்க ஊவேயின் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஊவே பின்னால் போனார். அவருடைய முழங்கை மாண்டியின் கையில் பட்டுத் தொலைபேசி விழுந்தது. ஊவேயின் கண்ணாடியும் கீழே கிடந்தது. கை பைக்குள் போனதைக் கண்டேன். கண்ணாடி நிலத்தில் கிடந்ததைக் கண்டேன். நடுவில் என்ன நடந்தது என்று காணவில்லை. டிர்க் எனக்கு முன்னால் மறைத்து நின்றார்.

பொலிஸ் வந்தது. சுதன் நிமிர்ந்து நின்று சொல்லத் தொடங்கினார். நாய் குரைத்தபடி இருந்தது. ஊவே கண்ணாடியைக் காட்டி, "இந்தச் சமையற்காரன் தங்கடை பாஷையில ஏதோ சொன்னவன். உடன உவன் என்ரை மேல பாய்ஞ்சவன்" என்றார்.

நான் ஜெர்மனில் சொன்னேன். "அவர் தஞ்சம் கேக்கிறார்."

வயதான பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளரோ?"

"இல்லை."

"அப்ப உங்கடை காருக்குப் போய் நில்லுங்கோ. உங்களிட்டைப் பிறகு கேப்பம்."

போனேன். என்னோடு டிர்க்கையும் அனுப்பினார்கள். கார் மேட்டில் நின்றது. அங்கேயிருந்து உருவங்கள் தெரிந்தன, சொல் கேட்கவில்லை. பெண் பொலிஸ் சுதனின் நெஞ்சைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். சுதன் எங்கள் ஆட்கள் ஆட்டுவது போல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். எங்களுக்கு அது ஓம், ஜெர்மன்காரருக்கு அது இல்லை. பிறகு வாகனத்தில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் திருப்பி அனுப்புவது விரைவாக நடந்தது. இருட்ட முன்னர் சுதன் போலந்துப் பக்கம் நின்றார்.

பொலிஸ் அறிக்கையில் இரண்டு விடயம் இருந்தது. தஞ்சக் கோரிக்கை எதுவும் சொல்லவில்லை. ஒருவரைத் தாக்கினார்.

ரெனாட்டே அன்று மாலை தன் அறிக்கையை எழுதினார். நான் பக்கத்தில் இருந்தேன். எழுதியதை வாசித்துக் காட்டினார். 'எங்கள் உறுப்பினர் அந்த ஆளிடம் தமிழில் சில வசனங்கள் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.'

"நான் என்ன சொன்னன் எண்டு உங்களுக்குச் சொன்னனான்தானே" என்றேன்.

"நீங்கள் எனக்கு ஜெர்மனில சொன்னது தெரியும். அங்கை கேட்டது எனக்கு வெறும் சத்தம்."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"நான் அப்பிடி எழுதேல்லை."

"எழுதாமல் விட்டாலும் அதுதானே விளங்கும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "உங்களுக்காக ஒரு வசனம் கூட்டினால், நாளைக்கு என்ரை ஒரு வசனத்தையும் ஆரும் நம்பமாட்டினம். அந்தப் பெடியனுக்கு அது உதவாது."

கோபம் வந்தது. எழும்பிப் போக நினைத்தேன். போகவில்லை. அவர் மேலும் எழுதினார். 'பொலிஸ் வந்தபின் அந்த ஆள் அவர்களிடம் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அசூல் என்பது போல் கேட்டது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.' எழுதிவிட்டு அந்தக் கடைசி வசனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுதனின் அக்கா பான் நகரத்தில் இருக்கிறார். எப்படியோ என் நம்பரை எடுத்துவிட்டார்.

"நீங்களோ அண்ணை அண்டைக்கு அவனோட கதைச்சது?"

"ஓம்."

"என்னத்துக்குக் கதைச்சனீங்கள்? வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அவன் தன்ரை பாட்டில சொல்லியிருப்பான். இப்ப அவனை ரவுடி எண்டு எழுதி வைச்சிருக்கினம். அங்கை ஒரு முகாமில கிடக்கிறான். பதினைஞ்சு பேருக்கு ஒரு குளியலறை. ஊருக்கு அனுப்பிப் போடுவாங்கள் எண்டு நித்திரை இல்லை அவனுக்கு. ஊரில ஏற்கெனவே இரண்டு தரம் ஆக்கள் தேடி வந்தது. உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது."

"விளங்கி என்ன செய்ய?"

சட்டத்தரணியின் நம்பரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார். நன்றி சொல்லாமல் வைத்துவிட்டார். அதில் பிழை இல்லை.

சட்டத்தரணி விளக்கினார். சுதன் ஜெர்மன் மண்ணில் நின்று தஞ்சம் கேட்டாரா, இல்லையா. அது ஒன்றுதான் கேள்வி. கேட்டார் என்றால் அவரைத் திரும்ப எடுத்து விசாரிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய ஏலாது.

இதற்குள் ஊவேயின் ஆட்கள் மாண்டியின் படத்தில் ஒரு துண்டை வெட்டிப் பொலிசுக்குக் கொடுத்திருந்தார்கள். பொலிஸ் அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு எடுத்திருந்தது. என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் வேறு ஆள். நல்ல மாதிரி. தண்ணீர் வேணுமோ என்று கேட்டார். பிறகு கேட்டார்.

"ஆர் இந்த அசூல்?"

"ஆளில்லை. தஞ்சம்."

"இஞ்சை எழுதியிருக்கு: 'அசூல், அடி. பொலிஸ் வந்தவுடன், அசூல், அடி தம்பி.' ரண்டு பேருக்குக் கட்டளை குடுத்திருக்கிறீங்கள். ஒரு ஆள் அசூல். மற்ற ஆள் உங்கடை தம்பி."

"அவன் என்ரை தம்பி இல்லை."

"தம்பி எண்டு கூப்பிட்டனீங்களோ இல்லையோ?"

"கூப்பிட்டனான். எங்கடை ஆக்கள் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவம்."

"அசூல் எந்தப் பக்கம் ஓடினவன்?"

"அப்பிடி ஒரு ஆளில்லை. நீங்கள் சொல்லுற அதே சொல்தான். எங்கடை வாயில அப்பிடி வரும்."

"'அடி' எண்டால் அடிக்கிறது தானே?"

"ஓம். ஆனால் இல்லை."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அதற்கு மேல் ஜெர்மன் வரவில்லை. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். 'அசூல் என்பவரைத் தெரியாது என்கிறார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஊவேயின் ஆட்கள் இரண்டு நாள் ஆற்றங்கரைப் பற்றைக்குள் அசூலைத் தேடினார்கள். நாயையும் கொண்டு போனார்கள்.

அன்றிரவு சாப்பிட இருந்தபோது மனிசி கேட்டாள். "அசூலுக்கும் ஒரு கோப்பை சோறு போடவோ?"

சிரிப்பு வந்தது. பேரப்பிள்ளைகள் யார் அசூல் என்று கேட்டார்கள்.

சட்டத்தரணி முழுப் பதிவையும் கேட்டார். நீதிமன்றமும் கேட்டது. ஊவே கொடுத்துவிட்டார். ஒரு விநாடியும் வெட்டவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தன்னை அடிக்கச் சொன்னதாக உண்மையாகவே நம்பினார். தொலைபேசி விழுந்த பிறகும் புல்லுக்குள் கிடந்து பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. படத்தில் வானம் மட்டும். சத்தம் கடைசி வரை இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பு பழையதுதான்.

நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. சாட்சிகள் வெளியே தாழ்வாரத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு கோப்பி இயந்திரம் இருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் தமிழில் கேட்டார்.

"அங்கிள், இது கார்டு எடுக்க மாட்டேங்குது. சில்லறை இருக்கா?"

போட்டேன். கோப்பி வந்தது.

"தேங்க்ஸ் அங்கிள். நான் கீர்த்தனா. கார்ல்ஸ்ரூஹேல இருந்து வரேன். காலைல நாலு மணி டிரெயின். நீங்க ஸ்ரீலங்காவா?"

"ஓம் பிள்ளை."

"கோயம்புத்தூர் நான். அங்க சாஃப்ட்வேர் கம்பெனில ஒர்க் பண்றேன். இது சைடுல. உங்க வாய்ஸ் எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு." கோப்பியை ஊதினார். "ஜெர்மனி வந்து ரொம்ப வருஷம் இருக்குமே?"

"கலவரத்துக்குப் பிறகு. கிழக்குப் பெர்லினில பிளேனால இறங்கி, ரெயினில மேற்குக்கு வந்து அசூல் அடிச்சனான்."

கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் அவருடைய கை நின்றது.

"என்ன அடிச்சீங்க?"

"அசூல்."

"அது யாரு அங்கிள்?"

"ஆளில்லைப் பிள்ளை. அகதி எண்டு பதியிறது."

அப்போதுதான் எனக்கும் யோசனை வந்தது, இவர் யார் என்று. அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"அதை ஏன் 'அடிக்கிறது'னு சொல்றீங்க?"

"ரெலிபோன் அடிக்கிறேல்லையோ? பெயின்ற் அடிக்கிறேல்லையோ? அதுமாதிரித்தான்."

"நாங்க சைட் அடிப்போம்" என்றார் மெதுவாக. "பிட் அடிப்போம். தம் அடிப்போம்." முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. "அங்கிள், இதுக்கு மேல நான் உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு நினைக்கிறேன்."

கோப்பியை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். ஆறட்டும் என்று விட்டேன். அவர் திரும்பி வரவில்லை. நான் குடித்தேன்.

என்னைக் கூப்பிட்டபோது அவர் நீதிபதிக்கு முன்னால் எழும்பி நின்றுகொண்டிருந்தார். தன் மொழிபெயர்ப்பை வாபஸ் வாங்குவதாக அப்போதே சொல்லி முடித்திருந்தார். 'அசூல்' பெயர் இல்லை, 'அடி' அடிப்பது இல்லை. அவருடைய தமிழில் அந்தச் சொல் இல்லை, நாய்ச் சத்தத்துக்குள் பெயர் என்று நினைத்துவிட்டார். யாரும் கேட்காமல், சத்தியம் செய்து எழுதியதை எழும்பி நின்று பிழை என்று சொல்வது இலகுவான வேலை இல்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரிய வந்தது?" நீதிபதி கேட்டார்.

"பத்து நிமிஷத்துக்கு முன்னம். கோப்பி மெஷினடியில. சாட்சியோட கதைச்சபோது."

எதிர்த்தரப்பில் பொலிசுக்காக வந்த ஆள் எழும்பினார். சாட்சி மொழிபெயர்ப்பாளரைத் தாழ்வாரத்தில் வைத்துக் குழப்பிவிட்டார், இந்தத் திருத்தத்தை ஏற்க ஏலாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீதிபதி என்னைப் பார்த்தார், கீர்த்தனாவைப் பார்த்தார். எனக்கு முன்வரிசையில் சுதனின் அக்கா இருந்தார். கைப்பையின் வாரை ஒரு கையால் முறுக்கிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுதனைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். வந்தார். விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. என் மேல் இருந்த விசாரணையைக் கைவிட்டார்கள். சுதனின் அக்கா தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினார், உள்ளே ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. ஊவே இன்றும் ரோந்து போகிறார். நான் முழங்கால் வலியால் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பாண் கடையில் கண்டால் கேட்பார்.

"சமையற்காரா, உந்த அசூல் எப்பிடி இருக்கிறான்?"

"விண்ணப்பம் குடுத்திருக்கிறான்" என்பேன்.

அன்று நீதிபதி கடைசியில் சொன்னது இதுதான். மொழிபெயர்ப்பை விடுவோம். பழையதும் வேண்டாம், புதியதும் வேண்டாம். எனக்கும் காது இருக்கிறது. பொலிஸ் வாகனத்தின் கதவுச் சத்தம் கேட்கும் இடத்திலிருந்து போடுங்கள். கீர்த்தனா அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓசை சுதனின் குரலில் வரும் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தினால் போதும். எழுத்தர் கோடு போடுவார், நானும் போடுகிறேன், எதிர்த்தரப்பும் போடட்டும்.

போட்டார்கள். சுவரில் வெறும் வானம். கதவு சாத்தும் சத்தம். நாய். ஊவேயின் குரல். அதற்குள் சுதனின் குரல், "அசூல்". கீர்த்தனாவின் கை உயர்ந்தது. பெண் பொலிஸ் ஏதோ கேட்டார். "அசூல்." கை உயர்ந்தது. நான் ஜெர்மனில் சொன்னதும் அதில் இருந்தது, என்னைக் காருக்குப் போகச் சொன்னதும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாகிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒருமுறை, வாகனத்துக்குள் இருந்து, கதவு சாத்த முன்னர். கீர்த்தனா கையை உயர்த்தி, இறக்காமல் வைத்திருந்தார். பதிவு முடிந்தது.

நீதிபதி தன் தாளைப் பார்த்தார். எழுத்தரின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு ஆளிடம் எத்தனை என்று கேட்டார். அவர் எழும்பிச் சொன்னார்.

ஒன்பது.